பழைய டபுள் கப் வாங்கியிருக்கிறேன், பராமரிப்பு வேலைகளை நானே செய்யலாமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாராம். பழைய டீசல் டபுள் கப் ஒன்று, அதாவது இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப், வாங்கியிருக்கிறார். ஒயில் மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்யலாமா, எல்லாவற்றுக்கும் கராச்சுக்குத்தான் போகவேண்டுமா என்று கேட்கிறார்.

செய்யலாம். ஆனால் ஒயிலைப் பற்றிக் கேட்டவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன், பிழையென்றால் மன்னியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட ஐந்து வருசத்தில் பழைய வாகனமெல்லாம் நகைக்கடைச் சாமான் போல விலை ஏறிவிட்டது. ஆகவே நீங்கள் பெறுமதிக்கு மேலே காசு கொடுத்திருப்பீர்கள், கையில் மிச்சம் இருக்காது. விற்றவர், "ஒரு வேலையும் இல்லை அண்ணை, ஒயிலை மட்டும் மாத்திப்போட்டு ஓடுங்கோ" என்று சொல்லியிருப்பார். எனக்கு விற்றவரும் அப்படித்தான் சொன்னார்.

முன்கூட்டியே ஒன்று. நான் மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனத்துக்குக் கீழே கிடப்பேன். ஒழுங்கையால் போகிற பிள்ளைகள், "காலைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டம் சேர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என்னுடையது 2.4 லீற்றர் டீசல் எஞ்சின் பூட்டிய ஹைலக்ஸ், என் மூத்த மகளைவிட மூன்று வயது கூட. கீழே சொல்லப்போகிற பிழையில் வாகனத்துக்கு ஒரு பங்கும் இல்லை. முழுவதும் என்னுடையது.

இரண்டு வருசத்துக்கு முன், ஆவணி மாதம். அத்தானுக்குப் பரந்தன் பக்கம் வயல் இருக்கிறது. சிறுபோகம் வெட்டியாயிற்று, பதினைந்து மூட்டை நெல்லை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். "உன்ரை வாகனம் சும்மாதானே நிக்குது" என்றார். (பிக்கப் வைத்திருப்பவனிடம் சொந்தக்காரர் முதலில் சொல்கிற வசனம் இதுதான். இந்த விசயத்தைப் பிறகு சொல்கிறேன்.)

நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஆனையிறவு வெளிக்கு வந்ததும் சூடு காட்டுகிற முள் நடுவை விட்டு எழும்பத் தொடங்கியது. பாரம் கூட, வெயில் வேறு, அதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடினேன். அந்த இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தியிருந்தால் இந்தப் பதிலுக்கே வேலையில்லை. முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினேன். பொனற்றைத் தூக்கினால் ஒரே மூடுபனி மாதிரி ஆவி. சோளகக் காற்று அதை அள்ளி என் முகத்திலேயே அடித்தது.

இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குத் தண்ணீர். உப்பு விளைகிற இடம் அது, எஞ்சினைக் குளிர்விக்கிற ரேடியேற்றருக்கு ஒரு சொட்டும் உதவாது. அங்கே நின்றுகொண்டு அடுத்தடுத்து இரண்டு மடத்தனம் செய்தேன். சூடு ஆறமுதல் சாரத்துணியால் பிடித்து ரேடியேற்றர் மூடியைத் திருகினேன். கொதிநீர் பீறிட்டு வலது கையை அவித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு, குடிக்கக் கொண்டுபோன ஒன்றரை லீற்றர் தண்ணீரை அந்தக் கொதிக்கிற எஞ்சினுக்குள் அப்படியே ஊற்றினேன். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அடுப்பில் இருக்கிற கண்ணாடிப் பாத்திரத்தில் குளிர்தண்ணீர் பட்டால் வருமே, அந்தச் சத்தம். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெடித்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? வீதியால் வந்த லொறி ஒன்றை மறித்து, வாடகை பேசி, பதினைந்து மூட்டையையும் மாற்றி ஏற்றினார். எனக்கு ஒருநாளும் டீசலுக்கென்று நூறு ரூபாய் நீட்டாதவர், அந்த லொறிக்காரருக்குப் பேசிய காசை எண்ணிக் கொடுத்தார். போகும்போது, "வாகனம் வைச்சிருந்தா பாக்கவும் தெரியவேணும்" என்று ஒரு புத்தி வேறு. ஐந்து மணிவரை நான் தனியே நின்றேன்.

கராச்சில் மெக்கானிக் ரேடியேற்றரைக் கழற்றி, மேல்பக்கத்தைத் திறந்து காட்டினார். மெல்லிய குழாய்களின் வாயெல்லாம் வெள்ளை. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை. நகத்தால் சுரண்டினேன், முட்டைக்கோது போலச் செதில் செதிலாக வந்தது. பாதிக் குழாய்க்குக் கிட்ட அடைபட்டிருந்தது.

"என்ன தண்ணி விடுறனீங்கள் சேர்?"

"கிணத்துத் தண்ணிதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தவன் நான். மழைத்தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. சூடாக்கினால் கரைந்த சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிப் படிகிறது. கேத்திலில் படிந்தால் சுரண்டிவிடலாம், ரேடியேற்றர் குழாய்க்குள் விரல் போகாது. பாரமில்லாமல் சுன்னாகம் சந்தைக்குப் போய்வரும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு தொன் ஏற்றி வெயிலில் ஐம்பது கிலோமீற்றர் ஓடும்போதுதான் கணக்குத் தீர்க்கும்.

இதில் எனக்கு உறைத்தது காசு இல்லை, என் அப்பாவின் நினைவுதான். 1990-க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்குத் தெரியும். மருந்துப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் நாலு சொட்டைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராற் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பாவின் ஒஸ்ரின் ஏ40-யும் அப்படித்தான் ஓடியது. ஆனால் அவர் அதற்குக் கிணற்றுத் தண்ணீர் காட்டியதே இல்லை. மாரி தொடங்கி இரண்டு மூன்று மழை பெய்து தூசி அடங்கியபின், மரமோ கூரையோ படாத இடமாகப் பார்த்து முற்றத்தில் நாலு தடி நட்டு, வெளுத்த வேட்டியை இழுத்துக் கட்டுவார். நடுப்பகுதி தாழ்ந்து நிற்கப் பாரம் ஒன்று வேண்டும். கல் வைத்தால் சுண்ணாம்பு கரையும் என்று கண்ணாடிப் போளைகள் போடுவார். என்னுடைய போளைகள். கீழே புனலும் போத்தலும். பற்றறிக்கும் ரேடியேற்றருக்கும் வருசம் முழுக்க அந்தத் தண்ணீர்தான். போளை போன கோபத்தில் அழுதது நினைவிருந்த எனக்கு, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது நினைவில் இல்லாமல் போயிற்று.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை இது. வாகனம் நன்றாக ஆறியபின் ரேடியேற்றரின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து பழைய தண்ணீரை இறக்குங்கள். துருநிறமாக வந்தாலோ, மூடியைத் திறந்து ரோச் அடிக்கும்போது குழாய் வாயில் வெள்ளை தெரிந்தாலோ, ரேடியேற்றர் திருத்துகிறவரிடம் கொடுத்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுப்பியுங்கள். பிறகு கூலன்ற் பாதி, பற்றறிக்கு விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. கூலன்ற் குளிர்நாட்டுச் சாமான், எங்களுக்கு ஏன் என்று கேட்பார்கள். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்துகிறது. அப்புறம் அந்த மூடி. என் மூடியில் 0.9 என்று அடித்திருக்கும், அவ்வளவு அழுத்தத்தை அது பிடித்து வைத்தால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 118 வரை தாங்கும். ரப்பர் காய்ந்து வெடித்த மூடி ஒன்றும் பிடிக்காது. என்னுடையது வெடித்திருந்தது. புதிய மூடியின் விலை ஒரு நல்ல மதியச் சாப்பாட்டுக் காசு.

வழியில் முள் ஏறினால் ஹீற்றரை முழுக்கத் திறந்துவிடுங்கள், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். நீங்கள் வேர்ப்பீர்கள், ஹெட் தப்பும்.

ஒயில் மாற்றுவது இதோடு பார்க்கச் சின்ன வேலை. நான் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது இறக்கினால் அடியில் கிடக்கிற கறுப்பும் சேர்ந்து வரும். பில்ற்றரின் ரப்பர் வளையத்தில் புது ஒயிலைத் தடவி, ரப்பர் முட்டியபின் கையால் முக்கால் சுற்று, அவ்வளவுதான். சாவி போட்டுப் பெலத்தைக் காட்டினால் அடுத்தமுறை கழற்ற அழவேண்டிவரும். அடி நட்டுக்குப் புது வாசர் போடுங்கள். ஐந்து லீற்றர் விட்டபின் ஒயில் அளவு காட்டுகிற கோலை எடுத்துப் பார்த்துப் பார்த்து விடுங்கள். கோலில் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஓடவேண்டாம்.

டீசல் பில்ற்றரின் அடியில் தண்ணீர் இறக்குகிற திருகு இருக்கும். ஒரு ஜாம் போத்தலுக்குள் இறக்கிப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும், நடுவில் கோடு தெளிவாகத் தெரியும். 2022-இல் வரிசையில் நின்று வாங்கி, கான்களில் அடைத்து வைத்த டீசலை ஊற்றியபோது என் போத்தலில் இரண்டு விரல் தண்ணீர் நின்றது. இறக்கியபின் மேலே இருக்கிற கைப்பம்பை அது இறுகும்வரை அமத்துங்கள், காற்றுப் போய்விடும். கிறீஸ் அடிப்பது, காற்று பில்ற்றரைத் தட்டுவது எல்லாம் யூரியூப் பார்த்தே செய்யலாம்.

கீழே படுக்கமுதல் ஒன்று. ஜக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், எங்கள் மணலில் அது புதையும். சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் வாகனத்தை நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கல் சொல்லாமல் வெடிக்கும். ஸ்ரான்ட் வாங்குங்கள். வாங்கும்வரை, தறித்த பனங்குற்றி இரண்டு கல்லைவிட எவ்வளவோ நம்பிக்கை.

எஞ்சினின் வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்குகிற ரைமிங் பெல்ற்றையும் பிறேக்கையும் நான் தொடுவதில்லை. இப்போது, "மெக்கானிக்மாரின் வயிற்றில் அடிக்கிறாய்" என்று கருத்துப் போட வருபவர்கள் இந்த வரியைத் திரும்ப வாசியுங்கள். என் வாகனத்தில் ரைமிங் பெல்ற் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று முன்பலகையில் ஒரு விளக்கு எரியும். பெல்ற்றை மாற்றாமலே அந்த விளக்கை அணைக்கவும் வழி இருக்கிறது. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதை நம்பாதீர்கள், மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். தீவுப் பக்கம் ஓடிய வாகனம் என்றால் சின்னச் சுத்தியலால் சசியை, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தை, தட்டிக் கொண்டுபோங்கள். "டங்" என்றால் இரும்பு, "டப்" என்றால் துரு.

கழித்த ஒயிலை மட்டும் தயவுசெய்து காணிக்குள் ஊற்றாதீர்கள். எங்களுக்குக் குடிக்க ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள், ஊற்றினது கிணற்றுக்குத்தான் போகும். நான் கானில் சேர்த்து வைப்பேன், கூரைச் சலாகைக்குக் கறையானுக்குப் பூச என்று யாராவது கேட்டு வருவார்கள்.

இனி அந்த "சும்மாதானே நிக்குது" விசயம். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் நீங்களும் பிக்கப் வாங்கிவிட்டீர்கள், அறிந்திருக்க வேண்டும். செத்தவீட்டுக்குக் கதிரை, கோயில் திருவிழாவுக்கு வாழைக்குலை, யாரோ வீடு மாறுகிறார்கள் என்று அலுமாரி, தண்ணீர்த் தாங்கி. செத்தவீட்டுக்கு நான் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை, அது வேறு. ஆனால் மற்றவைக்குக் காசு வேண்டாம், திரும்பி வரும்போது டீசல் அடிக்கிற இடத்தில் இறங்கி நின்றால் போதாதா? அந்த இடம் வரும்போது எல்லாருக்கும் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். ஹெட்டைக் கழற்றி, வெடிப்பைப் பார்த்து, வேறு ஹெட் தேடிப் போட்டு, காஸ்கெற், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேலே போயிற்று. அந்தப் பதினைந்து மூட்டையில் ஒரு கொத்து அரிசிகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்கா வாசிக்கமாட்டா என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் முற்றத்தில் நானும் வேட்டி கட்டினேன். மகளிடம் போளை இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், கடையில்தான் வாங்கினேன். ஆறு போத்தல் சேர்ந்தது. அடுத்த கிழமை அத்தான் வந்தார், பழைய ஓடு ஏற்றவேண்டுமாம். வந்ததும் வராததுமாகப் பொனற்றைத் திறக்கச் சொல்லி, ரேடியேற்றரை எட்டிப் பார்த்து, "இப்ப என்ன தண்ணி விடுறாய்?" என்று கேட்டார். ஓட்டை ஏற்றி இறக்கினேன். டீசல் காசு இன்னும் வரவில்லை.