ஹூக்ளியில் சின்னக் கப்பல்: காசு எதற்குப் போகிறது?

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றில் சின்னக் கப்பலில் ஏழு இரவு என்கிறார் பயண முகவர். தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அந்தக் காசுக்கு ஆலப்புழை படகு வீட்டில் எத்தனையோ நாள் தங்கலாமே?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கலாம். ஆனால் படகு வீட்டில் மதியம் பன்னிரண்டுக்கு ஏறினால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கட்டிப்போடுவார்கள். மாலை ஐந்தரைக்கெல்லாம் கரை ஒதுங்கியாக வேண்டும், மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. மறுநாள் காலை ஒன்பதுக்கு இறங்கிவிட வேண்டும். மிஞ்சிப்போனால் ஐந்தாறு மணி நேரம் ஓடும். ஓய்வுக்கு அது போதும், ஊர் பார்க்கப் போதாது.

ஹூக்ளியில் பந்தேலில் போர்த்துகீசியர், சின்சுராவில் டச்சுக்காரர், சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரர், செராம்பூரில் டென்மார்க்காரர் என்று எல்லாரும் ஒரே கரையில் அடுத்தடுத்துக் கடை விரித்தார்கள். சரக்கு ஆற்று வழியே வந்ததால் அந்த ஊர்களின் முகப்பும் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது. காரில் போனால் முதுகுப்புறமாக நுழைகிறோம். நம் பக்கமும் அப்படித்தான்: சென்னையிலிருந்து 1806-ல் எண்ணூர் வரை வெட்டிய கால்வாய்தான் பிறகு பக்கிங்காம் கால்வாய் ஆனது. அதில் உப்பும் விறகும் வந்த கதை சென்னையின் சால்ட் கோட்டர்ஸ் (உப்புக் கிடங்கு) என்ற இடப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அதில் படகேறச் சொல்ல மனம் வராது!

முன்பணம் கட்டுமுன் அறை வரைபடம் கேளுங்கள். கீழ்த்தளத்தின் பின்பக்க அறை மலிவாகக் கிடைக்கும், இன்ஜின் அங்கேதான். ஜெனரேட்டர் இரவிலும் ஓடுமா என்றும் கேளுங்கள். மேல்தளத்து நடு அறைக்குக் கூடுதல் தரலாம், தப்பில்லை.

முழங்கால் வலி இருந்தால் இன்னொரு சங்கதி. கொல்கத்தாவை ஒட்டிய பகுதியில் கடல் ஓதம் ஏறி இறங்கும். நீர் இறங்கிய நேரத்தில் படித்துறையின் கீழ்ப்படிகளில் சேறு படிந்து வழுக்கும். கப்பலிலிருந்து போடும் பலகையும் சரிவாக நிற்கும். பிடிகயிறு உண்டா, கைபிடித்து இறக்க ஆள் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை முறை கரை இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருக்குமென்று நம்பிப் போகாதீர்கள்.

கோடையில் ஆற்றின் மேல்பகுதியில் ஆழம் குறைந்து கப்பல் தட்டும். ‘நீர்மட்டத்தைப் பொறுத்து மாறும்’ என்ற ஒரே வரியில் இரண்டு நாள் பேருந்துப் பயணமாகிவிடும். அப்படி ஆனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒருவழிப் பயணமா, திரும்பும் ரயில் யார் செலவு, நுழைவுக் கட்டணம் உள்ளடக்கமா என்பதும் அதே தாளில் வரட்டும். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், முகவரின் சொந்த யூபிஐக்கு வேண்டாம்.

படகில் உட்காரப் பொறுமை உண்டா என்று தெரிந்துகொள்ள, ஆலப்புழை–கோட்டயம் அரசுப் படகில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சுமார் இரண்டரை மணி நேரம், டிக்கெட் சொற்பம்.

கேள்வி: கப்பல் பயணம் என்று சொல்லி இப்படியே பேருந்தில் ஏற்றி ஏமாற்றிவிட்டார்கள். வழக்குப் போட வெளியூர் அலைய வேண்டுமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு தரலாம். உங்களுக்கு சென்னை (வடக்கு). கெடு இரண்டு ஆண்டு. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். கொடுத்த பயணத் திட்டம், ரசீது, தேதி தெரியும் பேருந்துப் படங்கள் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.