வாசகர் கேள்விகள்: சேலை என்ன கலர்?

பெண் வேட்பாளர் என்ன சேலை கட்டியிருந்தார் என்று எழுதினாலே ஆணாதிக்கம் என்கிறீர்கள். ராகுல் காந்தியின் டி-ஷர்ட்டைப் பற்றி மட்டும் எழுதவில்லையா?
– வாசகர், திண்டுக்கல்

எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். 2022 செப்டம்பரில் கன்னியாகுமரியிலிருந்து யாத்திரை கிளம்பிய சில நாளிலேயே, அவர் போட்டிருந்த டி-ஷர்ட் 41,257 ரூபாய் என்று பா.ஜ.க. பதிவு போட, டி.வி. விவாதமெல்லாம் அதுதான். 2015-ல் ஸ்டாலின் ‘நமக்கு நாமே’ பயணத்தில் வெள்ளை வேட்டியை விட்டு பேன்ட் சட்டைக்கு மாறியதையும் பத்திரிகைகள் விடவில்லை. அமெரிக்காவில் 2007-ல் அதிபர் வேட்பாளராகப் போட்டியில் இருந்த ஜான் எட்வர்ட்ஸ் 400 டாலருக்கு முடிவெட்டிக்கொண்ட கதை அவரைப் பிரசாரம் முழுக்கத் துரத்தியது. ஆக, ஆண்களின் உடை செய்தியே ஆவதில்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அங்கெல்லாம் கேள்வி என்னவாக இருந்தது என்று பாருங்கள். ராகுலிடம் விலை கேட்டார்கள், ஸ்டாலினிடம் இது என்ன உத்தி என்று கேட்டார்கள், எட்வர்ட்ஸிடம் ஏழைகளுக்காகப் பேசுகிறவருக்கு இத்தனை காஸ்ட்லி கட்டிங்கா என்று கேட்டார்கள். மூன்றும் அரசியல் கேள்விகள்தான். 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பாலினின் உடைக்கும் ஒப்பனைக்கும் குடியரசுக் கட்சி சுமார் ஒன்றரை லட்சம் டாலர் செலவழித்ததைக் கேட்டதும் அந்த வகைதான், கட்சிப் பணம் என்றால் கணக்கு கேட்கத்தான் வேண்டும்.

2019 மே மாதம் வங்காள சினிமா நடிகைகள் மிமி சக்கரவர்த்தியும் நுஸ்ரத் ஜஹானும் எம்.பி.யாக ஜெயித்து, முதன்முதலாக நாடாளுமன்ற வாசலில் பேன்ட் சட்டையில் நின்று போட்டோ போட்டபோது வந்தது வேறு. இது என்ன சினிமா ஷூட்டிங்கா, எம்.பி. இப்படியா வருவது என்று பிடித்துக்கொண்டார்கள், அதைச் செய்தி என்று சேனல்களும் ஓட்டின. பிரிட்டனில் 2017 மார்ச்சில் பிரதமர் தெரசா மேயும் ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சர் நிகோலா ஸ்டர்ஜனும் பிரெக்ஸிட் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் கடிதம் கொடுக்க இரண்டே நாள் பாக்கி. மறுநாள் ‘டெய்லி மெயில்’ முதல் பக்கத் தலைப்பு, பிரெக்ஸிட் கிடக்கட்டும், கால் அழகில் ஜெயித்தது யார் என்கிற மாதிரி. ஆணின் சட்டையிலிருந்து அவர் அரசியலுக்குப் போகிறார்கள், பெண்ணின் அரசியலிலிருந்து அவர் உடம்புக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது இந்த எதிர்த்திசைதான்.

நான் ஒரு நாளிதழில் சப் எடிட்டராக இருந்தபோது வேட்பாளர் அறிமுகம் என்று தினமும் ஆளுக்கு நூறு வார்த்தை போடுவோம். ஒரு பெண் வேட்பாளரைப் பற்றிய செய்திக் காப்பி, ‘பச்சை பார்டர் வைத்த மஞ்சள் சேலையில், முகம் வாடாத புன்னகையோடு’ என்று ஆரம்பித்தது. கணவர் என்ன தொழில், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று போய், அவர் இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவர் என்பது கடைசி வரியில் வந்தது. பக்கத்தில் இடம் இல்லை என்றால் எப்போதும் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். அன்றைக்கும் வெட்டினார்கள். அதே பக்கத்தில் இருந்த ஆண் வேட்பாளர் கரைவேட்டி கட்டியிருந்தாரா, சிரித்தாரா, இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வீட்டையும் அரசியலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்பதும் தப்பா? அக்கறையாகத்தானே கேட்கிறார்கள்?
– வாசகி, காரைக்குடி

அக்கறைதான், சரி. அதே அக்கறையை நான்கு பிள்ளை பெற்ற ஒரு மாவட்டச் செயலாளரிடம் காட்டியிருக்கிறோமா?

நியூசிலாந்தில் ஜசிந்தா ஆர்டர்ன் 2017 ஆகஸ்ட் 1 அன்று தொழிற்கட்சித் தலைவரானார், தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அன்று இரவே ஒரு டி.வி. நிகழ்ச்சியில் குழந்தை பற்றிக் கேட்டுவிட்டார்கள். மறுநாள் காலை இன்னொரு நிகழ்ச்சியில் ஒருவர், வேலைக்கு எடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்றார். ஆர்டர்ன் அவரை நோக்கி விரலை நீட்டி, என்னிடம் கேட்கலாம், நானே அதைப் பற்றி வெளியில் பேசியவள், ஆனால் வேலை பார்க்கும் மற்ற பெண்களிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அக்டோபரில் பிரதமரானார், அடுத்த ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குமுன் பதவியில் இருக்கும்போதே குழந்தை பெற்ற நாட்டுத் தலைவர் பாகிஸ்தான் பிரதமர் பெனசிர் பூட்டோ, 1990-ல்.

கேள்வி தப்பு என்பதைவிட, அது சாப்பிடுகிற நேரம்தான் பெரிய நஷ்டம். பத்து நிமிடப் பேட்டியில் நான்கு நிமிடம் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் போனால், தொகுதியின் குடிநீர்ப் பிரச்னைக்கு ஆறுதான் மிச்சம். எதிர் வேட்பாளருக்கோ பத்தும் முழுசாகக் கிடைக்கிறது.

மேடையில் பெண் வேட்பாளரை ஆபாசமாகப் பேசினால் சேனல்கள் காட்டத்தானே வேண்டும்? மறைக்கச் சொல்கிறீர்களா?
– வாசகர், திருவாரூர்

மறைக்க வேண்டாம். 2019-ல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் நடிகையும் வேட்பாளருமான ஜெயப்பிரதாவைப் பற்றி எதிர் வேட்பாளர் ஆசம் கான் பேசியதற்குத் தேர்தல் ஆணையம் 72 மணி நேரம் பிரசாரத் தடை போட்டது, அது செய்தி. அந்த வரியையே நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டி, நடுவில் ஜெயப்பிரதாவின் பழைய பாட்டு சீனையும் வெட்டி ஒட்டினால், பேசியவர் பாதியில் விட்டதைச் சேனல் முடித்துவைக்கிறது என்றுதான் அர்த்தம். கட்சிகள் ஒருவரையொருவர் தனிப்பட்ட வாழ்க்கையை வைத்து விமர்சிக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதி சொல்கிறது, ஆனால் அது கட்சிக்கும் வேட்பாளருக்கும்தான். சேனலுக்கு டி.ஆர்.பி. கணக்கு தனி.

பெண் நிருபர்கள் அதிகமானால் இதெல்லாம் மாறிவிடுமா?
– வாசகி, ஓசூர்

கொஞ்சம் மாறும். ஆனால் 2007-ல் ஹிலாரி கிளின்டனின் கழுத்து இறக்கத்தைப் பற்றி ‘வாஷிங்டன் போஸ்ட்’டில் ஒரு கட்டுரையே எழுதியவர் ஒரு பெண்தான். அப்புறம், மேலே சொன்ன மஞ்சள் சேலைக் காப்பியை நிருபர் எழுதி அனுப்பியது வெறும் விவரக் குறிப்பாகத்தான். பார்டர் என்ன கலர் என்று போன் போட்டுக் கேட்டு, அதை முதல் வரியில் தூக்கி வைத்தது நான்.