எக்ஸால் பெருக்கு, வரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒய் டபுள் டேஷ் மைனஸ் 3 ஒய் டேஷ் பிளஸ் 2 ஒய் = இ பவர் எக்ஸ். இந்த வகைக்கெழுச் சமன்பாட்டுக்குச் சிறப்புத் தீர்வு (இதை நிறைவு செய்யும் ஏதாவது ஒரு விடை) காண ‘ஏ இ பவர் எக்ஸ்’ என்று ஊகித்துப் போட்டேன். இடப்பக்கம் முழுக்கப் பூச்சியம். எக்ஸால் பெருக்கிப் போடு என்கிறது புத்தகம். பெருக்கினேன், ‘எக்ஸ் இ பவர் எக்ஸ்’ என்று விடை வந்துவிட்டது. ஆனால் ஏன் எக்ஸ்? இந்த ஊகிக்கிற வேலையே பிடிக்கவில்லை. ஊகிக்காமலே விடை தருகிற லக்ராஞ்சின் முறையை (மாறிலிகளை மாறிகளாக்கும் முறை) மட்டும் படித்தால் போதாதா? செயலியே எல்லாம் செய்துவிடும்போது கையால் எதற்குப் போட வேண்டும்? நான் கணிதத்துக்கு லாயக்கில்லையோ என்றும் தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

கடைசி வரியை அழித்துவிடுங்கள். செயலி பற்றிய வரியையும் சேர்த்து அழிக்கலாம், அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மிச்சமிருப்பது ‘ஏன் எக்ஸ்’ என்ற இரண்டு சொல். அது போதும்.

இதே கேள்வியை நானும் மாணவனாக இருந்தபோது கேட்டேன். “பெருக்கு, வரும்” என்றார் ஆசிரியர். வந்தது. நல்ல மனிதர், திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நோட்டின் ஓரத்தில் அப்படியே எழுதிவைத்துக்கொண்டு தேறிவிட்டேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. பல வருடம் கழித்து ஒரு பையன் என்னிடம் கேட்டபோது, என் வாயிலிருந்தும் அதே இரண்டு சொல்தான் வந்தது. அவன் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். உங்கள் கடிதம் அந்த முகத்தை மறுபடி கொண்டுவந்துவிட்டது.

வலப்பக்கத்தில் இ பவர் எக்ஸ் இருப்பதால்தானே தகராறு? கொஞ்சம் நகர்த்திவையுங்கள். இ பவர் 1.01 எக்ஸ் என்று வையுங்கள். உங்கள் துணைச் சமன்பாட்டின் (வலப்பக்கத்தைப் பூச்சியமாக்கி, ஒய்க்கு இ பவர் எம் எக்ஸ் என்று போட்டால் வருகிற எம் ஸ்கொயர் மைனஸ் 3 எம் பிளஸ் 2 = 0) மூலங்கள் 1, 2. இப்போது வலப்பக்கம் எந்த மூலத்தோடும் மோதவில்லை, ஊகம் ஒழுங்காக வேலை செய்கிறது, கெழு ஏறக்குறைய மைனஸ் 101 என்று கிடைக்கிறது. 1.001 என்றால் மைனஸ் 1001. ஒன்றை நெருங்க நெருங்க எகிறுகிறது. இங்கேதான் எல்லோரும் கையை உதறிவிட்டு எழுந்துவிடுகிறோம். எழாதீர்கள். இ பவர் எக்ஸ் நிரப்புச் சார்பில் (வலப்பக்கம் பூச்சியமானால் வருகிற விடையில்) ஏற்கெனவே இருக்கிறது, அதை எத்தனை மடங்கு கூட்டினாலும் கழித்தாலும் சமன்பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இ பவர் 1.01 எக்ஸின் மைனஸ் 101 மடங்கோடு இ பவர் எக்ஸின் 101 மடங்கைக் கூட்டிவிடுங்கள். ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம், எகிறாமல் அடங்கி நிற்கும். எக்ஸ் = 1 என்று வைத்துக் கையால் போடுங்கள் (ஆமாம், கையால்!). 1.01-க்கு மைனஸ் 2.76, 1.001-க்கு மைனஸ் 2.722, கடைசியில் போய்ச் சேருவது மைனஸ் 2.718. அடுக்கிலிருக்கும் அந்த எண்ணைப் பொறுத்து இ பவர் கே எக்ஸை (கே என்பது அந்த 1.01, 1.001) வகைக்கெழு எடுத்தால் எக்ஸ் கீழே இறங்கி வருகிறதல்லவா, அதுதான் உங்கள் எக்ஸ். இரண்டு மூலங்கள் சமமாகும்போது அவற்றைச் சற்றே பிரித்துவைத்துப் பிறகு நெருங்கவிடுகிற இதே உத்தி பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலாம்பேர் பெயரால் வழங்குகிறது.

எனக்கு இது காகிதத்தில் புரியவில்லை, காதில்தான் புரிந்தது. நண்பன் கிதாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தந்திகள் நெருங்கும்போது ஒலி விம்மி விம்மி அடங்கும், இயற்பியலில் விம்மல் என்றே பெயர். சுருதி சேரச் சேர ஒவ்வொரு விம்மலும் நீண்டுகொண்டே போகிறது. ஒய் டபுள் டேஷ் பிளஸ் ஒய் = காஸ் எக்ஸ் என்ற ஒத்ததிர்வுக் கணக்கில் (வெளியிலிருந்து தள்ளும் வேகமும் தானாக அதிரும் வேகமும் ஒன்றாகிவிடுகிற கணக்கில்) வருகிற ‘எக்ஸ் சைன் எக்ஸ் பை 2’, அடங்கவே அடங்காத ஒரு விம்மலின் ஏறுமுகம் என்று அன்றைக்குத்தான் பட்டது. அவன் தந்தியை முறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

லக்ராஞ்ச் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 1770-களில் அவர் கொண்டுவந்த அந்த முறை டேன் எக்ஸ் மாதிரி வலப்பக்கங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அதற்காக ஊகத்தை இளக்காரமாகப் பேசாதீர்கள், அது கண்ணைக் கட்டிக்கொண்டு எறிகிற கல் அல்ல. இ பவர் எக்ஸை எத்தனை முறை வகையிட்டாலும் அதுவே வரும், சைனும் காஸும் ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளும், பல்லுறுப்புக்கோவையின் படி இறங்கிக்கொண்டே போகும். இப்படி ஒரு சின்னக் குடும்பத்துக்குள்ளேயே சுற்றுவதால்தான் ஊகம் செல்லுகிறது. டேன் எக்ஸின் குடும்பத்துக்கு முடிவே கிடையாது, அதனால் அங்கே செல்லாது. லக்ராஞ்ச் வழியில் உங்கள் கணக்கைப் போட்டால் கூடவே ஒரு மைனஸ் இ பவர் எக்ஸும் ஒட்டிக்கொண்டு வரும். பயப்படாதீர்கள், அது நிரப்புச் சார்பில் போய்க் கரைந்துவிடும், இரண்டு விடையும் சரி. சிறப்புத் தீர்வு என்று பெயர்தானே ஒழிய அதில் சிறப்பு ஒன்றுமில்லை, ஏதோ ஒன்று கிடைத்தால் சரி.

அப்புறம், உங்கள் விடைக்கு முன்னால் ஒரு மைனஸ் விட்டுப்போயிருக்கிறது. திரும்பப் போட்டுப் பாருங்கள்.