பைலட்டை இறக்கி வையுங்கள்

டைனோசர் படப் பொம்மை வரிசைகளில் வந்த ஹெலிகாப்டர்களைச் சேகரிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் ஹெலிகாப்டரின் அடியில் 1993 என்று பொறித்திருக்கிறது. அந்த ஆண்டில் செய்ததுதானா?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அடியில் இருப்பது பதிப்புரிமை ஆண்டு. அச்சு ஒரு தடவை வெட்டியதோடு சரி. அதே அச்சில் பல வருடம் கழித்து வேறு நிறத்தில் ஊற்றினாலும் பழைய ஆண்டு அப்படியேதான் விழும். கூடவே பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரைப் பாருங்கள். 1993 ஜூனில் 'ஜுராசிக் பார்க்' வெளியானபோது பொம்மைகளைச் செய்தது கென்னர். அது 1991லேயே ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போயிருந்தாலும் பெட்டியில் கென்னர் பெயர்தான் இருக்கும். 2001ல் வந்த மூன்றாம் படத்துக்கும் 2015 படத்துக்கும் ஹாஸ்ப்ரோ. 2018 முதல் மேட்டல். மேட்டலின் பெட்டியில் இருக்கும் பொம்மையைக் கென்னர் காலத்துச் சரக்கு என்று யாராவது விற்றால் பெட்டியே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டி இல்லாத லூஸ் பொம்மையில்தான் ஏமாறுகிறோம்.

கேள்வி: பைலட்டைக் காக்பிட்டில் உட்கார வைத்து அலமாரியில் பல வருடமாக வைத்திருந்தேன். இப்போது எடுத்தால் சீட்டு இளகி, பைலட்டின் முதுகு பதிந்திருக்கிறது. கண்ணாடி மூடியில் தலை பட்ட இடமும் மங்கிவிட்டது. வெயில் காரணமா?

பதில்: வெயில் உடந்தை; குற்றவாளி பைலட். இந்த உருவங்களின் தலை, கை, கால் பெரும்பாலும் மென்மையான பி.வி.சி. இயல்பில் விறைப்பான அந்தப் பிளாஸ்டிக்கை வளைய வைக்க எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டி ஒன்றைக் கலப்பார்கள். அது பிளாஸ்டிக்கோடு ஒன்றாகிவிடுவதில்லை. திரியில் ஊறிய எண்ணெய் மாதிரி உள்ளே நின்று, நாளாக ஆக வெளியே கசியும். சூடு இருந்தால் இன்னும் வேகமாக. ஹெலிகாப்டரின் உடல் ஏ.பி.எஸ். என்ற விறைப்பான பிளாஸ்டிக், கண்ணாடி மூடி பல மாடல்களில் பாலிஸ்டைரீன் என்ற தெளிவான பிளாஸ்டிக். இரண்டும் அந்த எண்ணெயைக் குடித்து இளகும். பைலட் பிசுபிசுப்பதும் சீட்டு உருகுவதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

சீட்டில் விழுந்த பள்ளத்தை விட்டுவிடுங்கள். பைலட் உட்கார்ந்தால் தெரியாது. மூடியில் உள்ள மங்கலை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டாத அளவு மேலோட்டமாக இருந்தால் 2000, பிறகு 3000 எண் தண்ணீர் உப்புத்தாளால் ஈரத்தோடு தேய்த்து, பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு மெருகேற்றலாம். டூத் பேஸ்ட் வேண்டாம். புதுக் கீறல்கள் போட்டுவிடும். உள்ளுக்குள் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடியிருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது.

பைலட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். சில மாதங்களில் மறுபடி பிசுபிசுக்கும், மறுபடி கழுவ வேண்டும். பெயின்ட் உள்ள முகத்தில் ஆல்கஹால் பட்டால் புருவம் பஞ்சோடு வந்துவிடும், ஜாக்கிரதை. காட்சிக்கு வைக்காத நாட்களில் பைலட்டை இறக்கி, தனியே அமிலமற்ற தாளில் சுற்றி வையுங்கள். இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டால் கசிந்தது போக வழியில்லாமல் உடம்பு முழுக்கப் பூசிக்கொள்ளும். கொக்கியில் தொங்கவிடும் ரப்பர் தோல் டைனோசருக்கும் இதே விதி. அதன் வால் கண்ணாடியில் சாய்ந்தபடி பெட்டியில் கிடக்கக்கூடாது.

கேள்வி: 'கம்ப்ளீட், பைலட்டோடு' என்று வாங்கினேன். அசல் பைலட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் சந்தேகப்பட வேண்டியது முதுகில் ஸ்க்ரூ உள்ள உருவத்தை. அது பெரும்பாலும் 1980களின் ஜி.ஐ. ஜோ என்ற ராணுவப் பொம்மை வரிசையின் வீரன், உள்ளே ஒரு ரப்பர் வளையம் இடுப்பையும் கால்களையும் இழுத்துப் பிடித்திருக்கும், முழங்கால் மடங்கும். உயரம் 3¾ அங்குலம், அதாவது சுமார் 9.5 செ.மீ. பல காக்பிட்டுகளில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுவதால், பைலட் தொலைந்த ஹெலிகாப்டரில் இவனை ஏற்றி விற்கிறார்கள். கென்னர் உருவங்கள் பெரும்பாலும் எளிய மூட்டு உள்ளவை, முழங்கால் மடங்காது. ஆனால் மேட்டலின் சாதாரண மனித உருவங்களும் அதே 3¾ அங்குலம்தான். அதனால் அளவை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

காலின் பின்பக்கம், பாதத்தின் அடி, முதுகு மூன்றையும் லென்ஸில் பார்த்து ஆண்டும் கம்பெனியும் ஹெலிகாப்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லாமல், கையில் தடவினால் மெல்லிய வரிவரியாகத் தட்டுப்பட்டால் அது 3டி பிரின்ட். வைத்துக்கொள்வதில் தவறில்லை, ரெப்ரோ, அதாவது நகல், என்று சொல்லி விற்கிறவரையில். ஸ்டிக்கர் அசலா என்று புற ஊதா விளக்கில் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு; ஒளிர்ந்தால் புதுத் தாள், நகல் என்பார்கள். 1993 பொம்மைக்கு அது பயன்படாது. வெண்மையூட்டி கலந்த தாள் அதற்கு வெகுகாலம் முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது, அசலும் ஒளிரும்.

கேள்வி: மேல் விசிறியின் இறக்கைகள் தொங்கிவிட்டன.

பதில்: விரலால் வளைகிற மென்மையான இறக்கை என்றால் 60 முதல் 70 டிகிரி தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, சமமான கண்ணாடி மேல் அழுத்திப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் இறக்குங்கள். பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். அதனால் எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை அதிகமாக வளைத்து ஆற விடுவது நல்லது. விறைப்பான ஏ.பி.எஸ். இறக்கைக்கு அந்தச் சூடு போதாது, 85 டிகிரியை ஒட்டித்தான் இளகத் தொடங்கும். ஆறிய பிறகு அவசரப்பட்டு வளைத்தால் வெள்ளைக்கோடு விழுந்து அங்கேயே முறியும். ஹேர் டிரையர் ஓரத்தை உருக்கும், நடுவை விட்டுவிடும்.

கேள்வி: வெள்ளை உடல் மஞ்சளாகிவிட்டது. பெராக்சைடு போடலாமா?

பதில்: போடலாம், வெள்ளை, சாம்பல் பகுதிகளுக்கு மட்டும். ஸ்டிக்கரும் பெயின்ட்டும் உள்ள பாகத்தைத் தொடாதீர்கள், பச்சையும் சிவப்பும் வெளுத்துப்போகும். தலைமுடிச் சாயத்தோடு விற்கும், 12% பெராக்சைடு உள்ள டெவலப்பர் கிரீமைக் கையுறையோடு சீராகப் பூசி, கிரீம் காயாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் வைத்து மணிக்கு ஒரு முறை திருப்புங்கள். 4 முதல் 8 மணி நேரம். ஓர் இடம் காய்ந்து மறு இடம் ஈரமாக இருந்தால் மேகம் மேகமாகத் திட்டு விழும். மஞ்சளைவிட அது அசிங்கம். வருடங்கள் கழித்து மஞ்சள் திரும்பலாம். மெல்லிய மஞ்சளாக இருந்தால் நான் அதை விட்டுவிடத்தான் சொல்வேன்.

கேள்வி: விளக்கும் சத்தமும் வரவில்லை. பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி.

பதில்: அல்கலைன் பேட்டரி கசிந்து காய்ந்தது. பட்ஸில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தகட்டை பென்சில் ரப்பரால் தேயுங்கள். அப்புறமும் உயிர் வராவிட்டால் ஸ்பிரிங்கிலிருந்து போகும் ஒயரைச் சீவிப் பாருங்கள். உள்ளே கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது, ஒயரையே மாற்ற வேண்டும்.

கேள்வி: கொக்கியை ஏற்றி இறக்கும் வின்ச்சின் நூல் அறுந்துவிட்டது. உடலைத் திறக்க பயமாக இருக்கிறது.

பதில்: அட்டையில் ஹெலிகாப்டரின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைக் குழியில் முடுக்கினால் மேல் தோல் துளைத்துக்கொண்டு வெளியே வரும். உடலைப் பெரிய தட்டுக்குள் வைத்துத் திறப்பது உத்தமம், கிர்ர் என்று சத்தம் போடும் பல்லின் குட்டி ஸ்பிரிங் தெறிக்கும். புது நூல் 0.5 மி.மீ. பின்னல் பாலியஸ்டர், பழைய நூலின் நீளமே. தடித்த நூல் உருளையை மீறி வழிந்து பல்சக்கரத்தில் சிக்கும். மூடும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் சுற்றுங்கள். 'டிக்' என்று பழைய மரையில் விழுந்த பிறகு வலப்பக்கம் முடுக்குங்கள்.

கேள்வி: கண்ணாடி மூடியின் பிடி உடைந்தது. சூப்பர் குளூ?

பதில்: அதன் ஆவி கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனியாகப் படியும். வெள்ளைப் பி.வி.ஏ. பசை போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். திறந்து மூடும் விசையை மட்டும் தாங்காது.

கேள்வி: சீல் உடைக்காத பெட்டி கிடைத்திருக்கிறது. பைலட்டை வெளியே எடுக்கத் திறக்கவா?

பதில்: திறந்த நிமிடமே சீல் மதிப்பு போய்விடும். ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பைலட் தனித் தட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள். காக்பிட்டிலேயே இருந்து, மூடியில் மங்கல் தொடங்கியிருந்தால் திறப்பதுதான் என் ஓட்டு.