சோலை விதை முளைக்கிறது, நாற்று ஏன் நிற்பதில்லை?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்குக் கீழே ஓடையோரம் ஒரு ஏக்கர் முழுக்கச் சீகை (வாட்டில் எனும் அயல்மரம்) மரங்கள். அங்கே பழையபடி சோலைச் செடிகளை, அதாவது இந்த மலையின் பசுமைமாறாக் குளிர்காட்டுச் செடிகளை, வளர்க்க ஆசை. பக்கத்துப் பட்டா நிலத்தில் மிச்சமிருக்கும் சோலையில் விதை பொறுக்கிப் போட்டோம். பாதி முளைக்கவில்லை. முளைத்தவையும் மாசி, பங்குனியில் காய்ந்துவிடுகின்றன. முன்பெல்லாம் போட்டது பிழைத்தது என்கிறார் அப்பா. வெப்பம் கூடியதுதான் காரணமா? கீழ்மலையிலிருந்து வெயில் தாங்கும் விதை கொண்டுவந்து போடலாமா?

பதில்: வெப்பத்துக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அது விதையை நேராகச் சுட்டுக் கெடுப்பதைவிட, முளைத்த நாற்றின் காலடி ஈரத்தைப் பறித்துக் கெடுப்பதே அதிகம். உங்கள் நாற்றுகள் மாசியில் காய்வதும் அதனால்தான். எனவே முளைக்க வைப்பதைக் காட்டிலும், முதல் வறண்ட பருவத்தைக் கடத்துவதில்தான் நீங்கள் கவனம் வைக்க வேண்டும்.

இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். மழை முன்போலவே பெய்தாலும் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் காற்று கூடுதலாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெரிய மரத்தின் வேர் ஆழத்தில் இருப்பதால் அது சமாளித்துவிடும். சோலையடியில் முளைத்த நாற்றுக்கு வேர் மூன்று விரற்கடை ஆழம்தான். மேல்மண் வழக்கத்தைவிடப் பத்து நாள் முன்னதாகக் காய்ந்தால் அதற்கு அதுவே முடிவு. காட்டின் அடித்தளச் செடிகளில் வெப்பமயமாதலின் அடி முதலில் விழுவது இந்தப் பருவத்து நாற்றுகள் மேல்தான்.

இனி, முளைக்காத பாதி. சோலை மரங்களில் பலவற்றின் விதை நெல், பயறு போலக் காயவைத்து எடுத்துவைக்கக் கூடியது அல்ல. சோலை நாவல் வகைகள், காட்டு லவங்கப்பட்டை இவையெல்லாம் விழும்போதே ஈரமும் உயிர்த்துடிப்புமாக விழுகின்றன. காய்ந்தால் செத்துப்போகும். சூடான அறையில் வைத்தாலும் விதையின் ஆயுள் குறையும், ஏனென்றால் வெப்பம் கூடக்கூட அது உள்ளிருக்கும் சேமிப்பை வேகமாகச் செலவழிக்கிறது. பழம் விழுவதற்கும் மழை வருவதற்கும் நடுவே நீளும் ஒவ்வொரு சூடான வாரமும் இவற்றுக்கு நட்டம். நீங்கள் சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டு, மழை தொடங்கியதும் எடுத்து விதைத்திருந்தால் பாதி முளைக்காததில் வியப்பில்லை.

பழம் பொறுக்கிய அன்றோ மறுநாளோ சதையைக் கழுவி எடுங்கள். கொஞ்சம் மணல் சேர்த்துத் தேய்த்தால் சுலபமாக வரும். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்துவிடுங்கள். வெயிலில் காட்டாமல் நிழலில் மேலீரம் மட்டும் வடியவிட்டு, சில நாளுக்குள் விதைத்துவிடுங்கள். காட்டுச் செண்பகத்தின் விதைமேல் சிவப்பாக ஓர் எண்ணெய்ச் சதை இருக்கும். அதை முழுக்க உரிக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ருத்திராட்ச இனத்து மரங்களின் கொட்டை கெட்டி, முளைக்கப் பல மாதம் ஆகும். வரவில்லை என்று பையைக் கொட்டிவிடாதீர்கள்.

யூடியூபில் விதையை ஈரத்துணியில் சுற்றி இரண்டு மாதம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். அது ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்நாட்டுக் காட்டுச் செடிகளுக்கான முறை. அங்கே பல செடிகளின் விதை ஒரு நீண்ட குளிர்காலத்தைக் கடந்தால்தான் உறக்கம் கலையும். வெப்பம் கூடி அந்தக் குளிர் குறைவதுதான் அவற்றுக்குச் சிக்கல். நம் சோலை விதைக்கு அப்படிப்பட்ட குளிர் தேவையில்லை, ஃபிரிட்ஜால் கெடுதலே அதிகம். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒவ்வொரு விதைக்கும் முளைக்க உகந்த வெப்பநிலை ஒன்று, அதற்குமேல் முளைக்கவே முடியாத உச்சம் ஒன்று இருக்கும். குளிர்நாட்டுச் செடிகளுக்கு இன்றைய வெப்பத்துக்கும் அந்த உச்சத்துக்கும் நடுவே இடைவெளி நிறைய. வெப்பமண்டலச் செடிகளுக்குக் குறைவு. உலகளவில் விதைச் சேமிப்பகங்களின் பதிவுகளை வைத்து 2020இல் வந்த ஓர் ஆய்வு, வெப்பமண்டலச் செடிகளில் பாதிக்கும் மேல் 2070க்குள் தங்களுக்கு உகந்த வெப்பத்தைத் தாண்டிய சூழலில் முளைக்க வேண்டிவரும் என்று கணித்தது. குளிர்ந்த நீலகிரியில் இருக்கிறோம், நமக்கென்ன என்று இருக்க முடியாது. சோலைச் செடிகள் அந்தக் குளிருக்கே பழகியவை.

மரங்களை மட்டும் நினைக்காதீர்கள். சோலைக்குள் இடுப்பளவுக்கு அடர்ந்து நிற்கும் குறிஞ்சி இனங்கள்தான் அடித்தளத்தின் உடல். (2018இல் மலைச்சரிவெல்லாம் நீலமாகப் பூத்த நீலக்குறிஞ்சி புல்வெளிச் செடி. சோலைக்குள் இருப்பவை அதன் உறவுகள்.) இவற்றில் பல, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, கூட்டமாக ஒரே சமயத்தில் பூத்து, விதை தந்ததும் மடிந்துவிடும். அடுத்த தலைமுறை முழுவதும் ஒரே சமயத்தில் நாற்றாக நிற்கும். அந்த ஆண்டு கோடைமழை பொய்த்து வெயில் கடுமையாக இருந்தால், ஒரு தலைமுறையே போய்விடக்கூடும். உங்கள் பகுதியில் அப்படி ஒரு குறிஞ்சிக் கூட்டம் பூத்தால் தவறவிடாதீர்கள். காய் வெடித்துச் சிதறும் முன்பே காகிதப் பையில் சேகரித்து, பாதியை நாற்றங்காலிலும் மீதியைச் சருகு விலக்கிய மண்ணிலும் போடுங்கள். காசித்தும்பை இனங்களுக்கும் இப்படித்தான், கை பட்டதும் காய் தெறித்துவிடும்.

இப்போது சீகைக்கு வருவோம். பலரும் தவறுவது இங்கேதான். அயல்மரம் என்று ஒரே நாளில் வெட்டிச் சாய்த்துவிட்டு, வெட்டவெளியில் சோலை நாற்றை நடுகிறார்கள். உலகின் பல காடுகளில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வின்படி, காட்டுக்குள் பகலின் உச்ச வெப்பம் வெளியைவிடச் சராசரியாக 4 டிகிரி குறைவு. இரவின் குறைந்த வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி அதிகம். நூறாண்டு வெப்பமயமாதலைவிடப் பல மடங்கு மாற்றத்தை ஒரே நாள் மரவெட்டு அந்த நாற்றின் தலையில் இறக்கிவிடுகிறது. பனிக்காலத்தில் உறைபனியும் சேர்ந்துகொள்ளும். சீகைக்கோ இது கொண்டாட்டம். கெட்டித்தோல் கொண்ட அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீயோ கடும் வெயிலோ மண்ணைச் சூடாக்கினால் மளமளவென்று முளைக்கும். சோலை விதை காத்திருக்காது, சீகை விதை காத்திருக்கும். வெப்பம் கூடும் காலத்தில் வெட்டவெளி யாருக்கு ஆதாயம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் சீகை இப்போதைக்கு நிற்கட்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே வருவதைப் பல இடங்களில் பார்க்கலாம். பறவைகள் பழம் தின்று எச்சமிடுவதால் வருபவை அவை. முதலில் உங்கள் ஒரு ஏக்கரில் அப்படி என்னென்ன முளைத்திருக்கிறது என்று தேடி, பக்கத்தில் குச்சி நட்டு வையுங்கள். அவற்றைச் சுற்றியிருக்கும் உண்ணிச்செடியையும் சீகைக் கன்றுகளையும் பிடுங்குங்கள். பெரிய சீகை தண்ணீரை நிறைய இழுக்கும் என்பது உண்மை. ஆகவே கீழே கன்றுகள் ஆள் உயரம் வரவர மேலே ஒவ்வொன்றாகக் கழியுங்கள். பட்டா நிலமானாலும் மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

கீழ்மலை விதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நூறு மீட்டர் இறங்கினால் சுமார் 0.6 டிகிரி வெப்பம் கூடும். 300 மீட்டர் கீழே இருக்கும் சோலையின் மரங்கள், ஏறத்தாழ 2 டிகிரி கூடுதல் வெப்பத்தில் தலைமுறைகளாகப் பிழைத்தவை. ஆகவே உங்கள் யோசனை அடிப்படையில் தவறில்லை. ஆனால் அதே மலையின் அதே சரிவில், அதே இனத்தின் விதையாக இருக்க வேண்டும், மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். மீதி உங்கள் உயரத்து விதையாகவே இருக்கட்டும். உறைபனி விழும் ஓர் இரவில் கீழ்மலைக் கன்று முதலில் போகும். சமவெளி நர்சரிக் கன்றுகளைத் தொடவே வேண்டாம். லாங்வுட் சோலை பக்கத்தில்தானே என்று அங்கே கை வைக்காதீர்கள். அது காப்புக்காடு, 2024 முதல் ராம்சார் தலமும்கூட (உலக அளவில் முக்கியமென அறிவிக்கப்பட்ட ஈரநிலம்). வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே விதை எடுக்கக் கூடாது.

காய்ந்த நாற்றை இனிமேல் தூக்கி எறியும் முன் உற்றுப் பாருங்கள். நுனி இலை சுருண்டு, தண்டு கெட்டியாக, வேர் முழுதாக இருந்தால் அது வறட்சி. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து, நீர்க்கோத்து சாய்ந்திருந்தால் அது அழுகல். தண்ணீர் கூடிப்போனது என்று பொருள். கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் முயலோ எலியோ. கடைசி இரண்டுக்கும் வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

வறட்சிதான் என்றால் நடும் காலத்தை மாற்றுங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையும் நன்றாகக் கிடைக்கும். ஓராண்டாவது நாற்றங்காலில் வளர்த்த கன்றை ஜூன் தொடக்கத்தில் நட்டால், இரண்டு மழையைப் பார்த்து வேர் இறங்கிய பிறகே வறட்சியைச் சந்திக்கும். டிசம்பர் கடைசியில் காலடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். ஜனவரியிலிருந்து கோடைமழை வரை வாரம் ஒருமுறை பூவாளியில் ஆழமாக நனையுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். அப்புறம், நிழலில் ஒன்றும் வெட்டிய இடத்தில் ஒன்றுமாக இரண்டு சாதாரண வெப்பமானிகளைத் தரையோடு வைத்து, பிப்ரவரி முழுக்க மதியம் இரண்டு மணிக்குப் பார்த்துக் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு எங்கே நடுவது, எந்தச் சீகையைக் கழிப்பது என்று அந்தக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்யலாம்.