துவைக்கிற அறையில் என் பெயர்

தங்கச்சி, உங்கள் கேள்வியை ராத்திரி படித்தேன். வெளிநாட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, குடியிருப்பில் நம்மவர்கள் ஆறேழு குடும்பம், பகலில் வீட்டில் இருக்கிற பெண்கள் சிலர் கூடிக்கூடிப் பேசுகிறார்கள், நம்பிச் சொன்ன உங்கள் வீட்டுக்காரரின் வேலை விஷயம் மறுநாளே எல்லா மாடியும் சுற்றிவிட்டது. விசுவாசியாக இதை எப்படி எடுத்துக்கொள்வது, வீடு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஓட்டுநர் உரிமம், பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு. அதெல்லாம் அரசாங்க இணையதளத்திலேயே இருக்கிறது, பொறுமையாகப் படித்தால் போதும். முதல் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வீடு மாற்ற வேண்டாம். போகிற இடத்திலும் மனுஷர்கள்தான் குடியிருப்பார்கள்.

நான் வந்து பத்தொன்பது வருஷம். வந்த புதிதில் என் வீட்டுக்காரருக்கு இரவு வேலை. சாயங்காலம் கிளம்பினால் விடிந்துதான் வருவார். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. பாஷையும் பிடிபடவில்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு துவைக்கிற அறை இருந்தது. ஒரு நாள் உலர்ந்த படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து, கதவுக்குப் பின்னால் நின்று மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். இயந்திரச் சத்தத்தை மீறிப் பேச வேண்டுமே, அதனால் கத்திப் பேசினார்கள். என் பெயர் காதில் விழுந்தது. "அது புருஷன் ராத்திரி வீட்டிலயே தங்கறதில்லையாம்." இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. அவர்கள் கவனிக்கவில்லை போல; அடுத்த பேச்சும் அதே சத்தத்தில் வந்தது. "இதுகிட்ட என்ன குறையோ!" விரிப்பின் சூடு கையிலேயே ஆறிப்போனது. அவர்கள் துணியைப் போட்டுவிட்டு மேலே ஏறும் வரை நான் அசையவில்லை.

அப்புறம் மூன்று மாதம் படிக்கட்டில் அவர்களைப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஏறினேன். மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜெபித்தேனா என்றால், ஜெபித்தேன். "ஆண்டவரே, அவங்க வாயைக் கட்டும்." தினமும் இதுதான். ஒரு நாள் சங்கீதம் 141 வாசித்துக்கொண்டு வந்தபோது மூன்றாம் வசனத்தில் நின்றுவிட்டேன். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." என் வாய்க்கு. பக்கத்து வீட்டுக்காரி வாய்க்கு இல்லை. தாவீது ஆயிரம் எதிரிகளை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டிருக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

உங்களுக்கும் யாராவது 1 தீமோத்தேயு 5:13-ஐ அனுப்புவார்கள். "சோம்பலுள்ளவர்களாய், வீடுவீடாய்த் திரியப்பழகுவார்கள்", "வீண் அலுவற்காரர்" என்று பவுல் எழுதியது. வசனம் சரிதான். ஆனால் அதை அக்கம்பக்கத்தார் மேல் எறிகிற கல்லாக எடுக்காதீர்கள். இங்கே நம் பெண்களில் பலருடைய சோம்பல் விசாவிலேயே அச்சடித்து வந்தது. படித்து, வேலை பார்த்து, சொந்தச் சம்பளத்தில் நிமிர்ந்து நடந்தவளை ஒரு முத்திரை நாலு சுவருக்குள் உட்கார வைத்துவிடுகிறது. புருஷன் போகிறான், பிள்ளை போகிறது, காலை ஒன்பது மணிக்கு வீடு காலி. சாயங்காலம் வரை அவளுக்கு என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக் கதவு. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவலாகப் புதிதாக வந்த நீங்கள் கிடைத்திருக்கிறீர்கள். அப்போஸ்தலர் 17:21-ல் அத்தேனே பட்டணத்தாரைப் பற்றிச் சொல்லும்போது, "அங்கே தங்குகிற அந்நியரும்" புதுச் செய்தி சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைப் போக்கினார்கள் என்று லூக்கா மறக்காமல் சேர்த்திருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் பழைய கட்டடத்தின் படிக்கட்டு எனக்கு ஞாபகம் வரும்.

இதனால் புறணி சின்ன விஷயம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1 பேதுரு 4:15-ல் கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன் வரிசையிலேயே "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவ"னையும் நிறுத்தியிருக்கிறது. ஒரு நல்ல குடும்பம் இந்தப் பேச்சாலேயே பிரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வழி காட்டியது எண்ணாகமம் 12. மோசே எத்தியோப்பியா தேசத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று சொந்த அக்கா மிரியாமே அண்ணன் ஆரோனோடு சேர்ந்து அவருக்கு விரோதமாகப் பேசுகிறாள். அவளுக்குக் குஷ்டம் வந்ததும் மோசே, "என் தேவனே, அவளைக் குணமாக்கும்" என்று கெஞ்சுகிறார். அவ்வளவுதான் ஜெபம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவள் பாளயத்துக்குப் புறம்பே இருந்த ஏழு நாளும், அவள் திரும்பி வரும்வரை ஜனங்கள் பிரயாணம் பண்ணவில்லை. பேசினவளை விட்டுவிட்டு யாரும் நகரவில்லை.

சரி, நாமும் பெயர் சொல்லி ஜெபிப்போம் என்று உட்கார்ந்தேன். நாலாம் நாள் வார்த்தை தீர்ந்துவிட்டது. அந்த இருவரில் மூத்தவரைப் பற்றி எனக்குப் பெயரும் வீட்டு எண்ணும் தவிர ஒன்றும் தெரியாது. என்னைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் (தப்பாகத்தான்), அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கதவைத் தட்டினேன். கை நடுங்கியது. "அக்கா, உங்களுக்காக ஜெபிச்சிட்டிருக்கேன். என்ன கேட்டு ஜெபிக்கணும்னு தெரியலை." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேவு பார்க்க வந்தேனோ என்ற சந்தேகம் கண்ணில் தெரிந்தது. அப்புறம் வாசல்படியிலேயே நின்று சொன்னார்: "எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. இங்க தங்கறதுக்கான பேப்பர் வராம ஊருக்குப் போனா திரும்பி உள்ள விடமாட்டாங்க. ரெண்டு வருஷமா பேப்பர் வரலை."

அன்றைக்குத்தான் மத்தேயு 18:15-ம் செய்தேன், தனித்திருக்கையில் போய்ச் சொல்லு என்கிற வசனம். ஆனால் சண்டையாகச் சொல்லவில்லை. "அக்கா, எங்க வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட்டுக்குப் போறார். யாரோ வேற மாதிரி பேசிக்கறாங்க. உங்க காதுக்கு வந்தா நீங்களே சொல்லிடுங்களேன்." கொஞ்சம் தந்திரம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருட்டுவதற்குள் என் புருஷன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், எந்தப் பேருந்தில் போகிறார் என்பது வரை கட்டடம் முழுக்கத் தெரிந்திருந்தது.

அந்த அக்காவும் நானும் அப்புறம் சேர்ந்தே இலவச மொழி வகுப்புக்குப் போனோம். அவர் பாதியில் நின்றுவிட்டார். நான் விடவில்லை. தேர்வில் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினேன். இன்று ஒரு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு வேலை. கேட்டது எதையும் கதவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி. சபையிலேயே கற்றிருக்க வேண்டிய பாடத்துக்கு இப்போது சம்பளம் வாங்குகிறேன்.

சபை என்றதும் என் பழைய வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். துவைக்கிற அறைப் பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு வேஷம் இல்லை. வீட்டுக்கூட்டத்தில் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் வருகிறதே, அதுதான் மோசம். "ஒரு சகோதரியோட குடும்ப சமாதானத்துக்காக ஜெபிங்க, பேர் சொல்ல விரும்பலை, மூணாவது மாடி." எல்லோரும் கண்ணை மூடுகிறோம், காது மட்டும் திறந்தே இருக்கும்.

சிரிக்காதீர்கள், நானும் செய்தேன். ஒரு தம்பிக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்று பாரத்தோடுதான், கண்ணீரோடுதான் கூட்டத்தில் சொன்னேன். அவன் அதை இன்னும் தன் மாமனார் வீட்டுக்கே சொல்லியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது "பரவால்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினான். அந்தக் கூட்டத்துக்கு அவன் அப்புறம் வரவே இல்லை. எங்கள் போதகர் என்னைத் திட்டவில்லை. 1752-ல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அவர் தம்பி சார்ல்ஸும் உடன் ஊழியர்களும் கையெழுத்துப் போட்ட ஒரு உடன்படிக்கையைப் பற்றி மட்டும் சொன்னார். ஒருவரைப் பற்றிய கெட்டதை வலியப் போய்க் கேட்பதில்லை. காதில் விழுந்தாலும் உடனே நம்புவதில்லை. கேட்டதைச் சீக்கிரமே சம்பந்தப்பட்டவரிடமே சொல்வது. அதுவரை வேறு யாரிடமும் ஒரு எழுத்தும் பேசுவதில்லை. ஊழியக்காரர்களுக்கே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததே என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

இனி உங்களுக்கு. முன்னால் வந்தவர்களில் ஒரு ரகம் உண்டு, குடியேற்ற அதிகாரியைவிட அதிகமாகக் கேள்வி கேட்பார்கள். என்ன விசா, எவ்வளவு சம்பளம், ஏன் இன்னும் ஒரே பிள்ளை. பொய் சொல்லாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். "நல்லா போகுது அக்கா, ஜெபிச்சுக்கோங்க." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். மன்னிப்பது வேறு, சாவியைக் கையில் கொடுப்பது வேறு. இன்னொரு ரகம், "நம்ம ஆளுங்க சகவாசமே வேணாம், நாங்க ஒதுங்கிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு வீடு மாற்றிவிடாதீர்கள். நடு ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர்களும் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கே மூன்று தடவை வந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊர் பேசுமே என்ற பயத்தில் வீட்டுக்குள் நடக்கிற அடியையும் மிரட்டலையும் மறைத்து வைக்கிற பெண்களை என் வேலையில் பார்க்கிறேன். அப்படி ஏதாவது இருந்தால் யார் என்ன பேசினாலும் பேசட்டும், உடனே போலீசுக்கோ மருத்துவருக்கோ சொல்லுங்கள். அங்கே சொல்வது புறணியில் சேராது.

அந்த அக்காவின் அம்மா பேப்பர் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். அடக்கத்தை அவர் போனில்தான் பார்த்தார். என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, படம் நின்று நின்று வர, திரையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார், துடைத்தால் தெளிவாகிவிடும் என்பது போல. நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. போன் சூடாகி அணையும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துவைக்கிற அறையில் பேசியதை அவர் என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை, நானும் கேட்டதில்லை.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். போன வாரம்கூட போன் வந்தது. "ஏண்டி, பக்கத்து பிளாக்குல ஒரு புதுக் குடும்பம் வந்திருக்காமே, அந்தப் பையனுக்கு இன்னும் வேலை இல்லையாமே?"

"தெரியலையேக்கா. உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?"

அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.