பழைய ஆர்கேட் பெட்டிக்குப் புது ஒயரிங்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மூடிப்போன வீடியோ கேம் கடையிலிருந்து, இரண்டு பேர் ஆடும் ஆர்கேட் பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். உள்ளே ஒயரையெல்லாம் எலி கடித்திருக்கிறது. ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: பிளக்கைச் சொருகவே வேண்டாம். எலி கடித்த லைன் ஒயர், இரும்பு கண்ட்ரோல் பேனலைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கிறவருக்கு 230 வோல்ட். முதலில் பின்கதவைத் திறந்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒயரை வெட்டி எறிந்த பிறகுதான் எது எங்கே போனது என்று பலரும் யோசிக்கிறார்கள்.

பவர் கார்டை மூன்று கோர் உள்ளதாக மாற்றி, லைனில் ஃபியூஸ் வைத்து, எர்த் ஒயரை எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்ட்டை 5, 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளை) பெட்டி, காசு போடும் கதவு, மானிட்டர் சட்டம், கண்ட்ரோல் பேனல் ஆகிய எல்லாவற்றுக்கும் கொண்டுபோங்கள். முதல்முறை ஆன் செய்யும்போது கேம் போர்டும் மானிட்டரும் கழற்றியே இருக்கட்டும். எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டில் 110/220 என்று ஒரு சின்ன தள்ளு ஸ்விட்ச் இருக்கும். அது 110-ல் இருக்கும்போது நம் ஊர் கரண்ட்டைக் கொடுத்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம், அத்தோடு சரி.

மானிட்டர் ஓடும்போது பிக்சர் டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் அது தங்கும். டிவி பழுது பார்த்துப் பழகியவரை அழைத்து டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலை அல்ல இது.

கேள்வி: பழைய ஒயரிங்கை அப்படியே ஒட்டுப்போடலாமா, புதிதாகச் செய்யலாமா? ‘ஜாமா’ என்கிறார்களே, எந்த ஒயர் எந்த முனைக்குப் போகும்?
- வாசகர், விருதுநகர்

பதில்: புதிதாகவே செய்யுங்கள். ஒட்டுப்போட்ட ஒயரில் பழுது தேடுவதற்குள் புது ஒயரிங்கே முடிந்துவிடும்.

ஜாமா என்பது ஜப்பானின் ஆர்கேட் இயந்திர உற்பத்தியாளர் சங்கம் 1985-ல் கொண்டுவந்த பொது ஒயரிங் முறை. போர்டின் விளிம்பில் 56 முனைகள்: உதிரிப்பாகங்கள் உள்ள பக்கம் 1 முதல் 28 வரை எண்கள், சோல்டர் பக்கம் ஆங்கில எழுத்துகள். எழுத்துகளில் ஜி, ஐ, ஓ, க்யூ நான்கும் கிடையாது. இது தெரியாமல் எண்ணிக்கொண்டே போனால் பாதியில் எல்லாம் ஒரு இடம் தள்ளிவிடும்.

முனை 1, 2, 27, 28 கிரவுண்ட்; 3, 4 இரண்டிலும் +5 வோல்ட்; 5-ல் மைனஸ் 5 வோல்ட்; 6-ல் +12 வோல்ட். இவற்றுக்கு நேர் பின்னால் உள்ள முனைகளும் அதே சப்ளைதான். ஐந்து வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஒரு முனையோடு நிறுத்தாமல் எல்லா முனைகளுக்கும் தனித்தனியாக 0.75 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் இழுங்கள். பட்டன்களுக்கு 0.3 ஸ்கொயர் போதும். 12 சிவப்பு, 13 நீலம், என் (N) பச்சை, பி (P) சிங்க் (படத்தை உருளாமல் நிறுத்தும் சிக்னல்), 14 வீடியோ கிரவுண்ட். ஸ்பீக்கருக்கு 10 பிளஸ், எல் மைனஸ். அந்த மைனஸைக் கிரவுண்டோடு சேர்த்துவிடாதீர்கள், ஆம்ப்ளிஃபயர் ஐசி போய்விடக்கூடும். முதல் ஆட்டக்காரருக்கு காசு 16, ஸ்டார்ட் 17, மேல் 18, கீழ் 19, இடம் 20, வலம் 21, பட்டன்கள் 22 முதல் 24. இரண்டாமவருக்கு அதே வரிசை பின்பக்கத்தில்.

இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கு எட்டு ஸ்விட்ச், பட்டன் ஆறு, ஸ்டார்ட் இரண்டு, காசு இரண்டு, சர்வீஸ், டெஸ்ட்: ஆக 20. ஒவ்வொன்றுக்கும் இரண்டு லக் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக முனை) வீதம் 40. கிரிம்ப் செய்யும்போது (லக்கை ஒயரோடு நசுக்கிப் பொருத்தும்போது) சில வீணாகும், 60 வாங்குங்கள். பெரும்பாலான மைக்ரோ ஸ்விட்சுக்கு 4.8 மி.மீ. லக் சேரும். ஜப்பான் பட்டனாக இருந்தால் 2.8.

கனெக்டரின் 7-ஆம் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பை எடுத்துவிடாதீர்கள். போர்டைத் தலைகீழாகச் சொருகவிடாமல் காப்பது அதுதான். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற ஆறு பட்டன் கேம்களுக்கு உதை பட்டன்கள் மூன்றும் போர்டில் உள்ள தனி கனெக்டரிலிருந்து வரும். 1980-ன் பேக்-மேன் போர்டோ வேறு ஜாதி: 44 முனை, உள்ளே போவது ஏசி கரண்ட். அடாப்டர் இல்லாமல் ஜாமாவில் மாட்ட முடியாது.

கேள்வி: ஒயரிங் முடித்துவிட்டேன். ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் கேமில் உள்ள கதாபாத்திரம் கீழே போகிறது. ஒரு பட்டன் அமுக்கியபடியே இருப்பதுபோல் சுட்டுக்கொண்டே இருக்கிறது. கடைசி நான்கு பட்டன்கள் செத்துக் கிடக்கின்றன.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூன்றும் அடிக்கடி நடப்பவைதான். ஜாய்ஸ்டிக்கின் தண்டு நடுவில் ஊன்றித் திரும்புவதால் மேலே தள்ளும்போது அடிமுனை கீழ்ப்பக்க ஸ்விட்சை அமுக்கும். ஆகவே ‘மேல்’ ஒயர் கீழ் ஸ்விட்சுக்கு, ‘இடம்’ வலது ஸ்விட்சுக்கு.

மைக்ரோ ஸ்விட்சில் மூன்று கால்கள் உண்டு. சி.ஓ.எம். (பொதுக் கால்)-க்குக் கிரவுண்ட், என்.ஓ. (அமுக்கினால் மட்டும் தொடுவது)-வுக்குச் சிக்னல். நீங்கள் சிக்னலை மூன்றாவது காலான என்.சி.-யில் மாட்டியிருப்பீர்கள். முனை கிரவுண்டைத் தொட்டாலே பட்டன் அமுங்கியதாகப் போர்டு எடுத்துக்கொள்ளும், என்.சி. அமுக்காதபோதே தொட்டுக்கொண்டிருக்கிறது.

கிரவுண்ட் ஒயர் பட்டனுக்குப் பட்டன் தாவிப் போகிறது. நடுவில் ஒரு லக் கழன்றால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் போய்விடும். கடைசி பட்டனிலிருந்தும் ஓர் ஒயரைக் கனெக்டரின் கிரவுண்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து வளையமாக்கிவிட்டால் ஓரிடத்தில் விட்டாலும் மறுபக்கத்திலிருந்து வந்துசேரும்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ்.-ல் 5.2 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் கேம் தானாக ரீசெட் ஆகிறது.
- வாசகர், கோவை

பதில்: அளக்கும் இடம் தவறு. போர்டு மாட்டி ஓடும்போது, போர்டின் மேலேயே அளக்க வேண்டும். 14 கால் 74 வரிசை ஐசி ஒன்றைப் பிடித்து 7-ஆம் காலில் கறுப்பு முனை, 14-ஆம் காலில் சிவப்பு முனை வையுங்கள் (பெரும்பாலானவற்றில் இதுதான் அமைப்பு). 4.75-க்குக் கீழே போனால் ரீசெட் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஒயரிலும் கனெக்டரிலும் சேர்ந்து பத்தில் ஒரு ஓம் தடை இருந்து, போர்டு 4 ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். எஸ்.எம்.பி.எஸ்.-ன் திருகைத் திருப்பி வோல்ட்டேஜை ஏற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் போர்டின் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கறுத்துப்போன கனெக்டரை மாற்றுங்கள். அதன் பிறகு 5.0-லிருந்து 5.1-க்குள் வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் பெட்டி. ஸ்டெப்-டவுன் வைத்துவிட்டதால் உள்ளே இருக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிடலாமா?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: கூடாது. கடையில் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அது வோல்ட்டைக் குறைக்குமே தவிர மெயின்ஸிலிருந்து பிரிக்காது. பழைய அமெரிக்க மானிட்டர்கள் பலவற்றில் சேஸி நேரடியாக மெயின்ஸோடு தொடர்புள்ளது. வீடியோ கிரவுண்ட் வழியாக அது கேம் போர்டுக்கும் வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, 50-ல் கூடுதலாகச் சூடேறும். ஸ்டெப்-டவுனில் 110 முனை இருந்தால் அதில் வையுங்கள். மேல் விளக்கின் டியூப்லைட் சோக்கைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் எல்இடி பட்டை போடலாம்.

கேள்வி: படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கிறது, சிவப்பும் இல்லை. எல்சிடி மாட்டிவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஜாமா கனெக்டரின் பி (P), 12 இரண்டு முனைகளின் ஒயர்களையும் மானிட்டர் கனெக்டர் வரை மல்டிமீட்டரில் பாருங்கள்; அநேகமாகக் கிரிம்ப் விட்டிருக்கும். சிங்க் ஒயர் சரியாக இருந்தும் உருண்டால் மானிட்டரின் வி-ஹோல்டு திருகை (படம் உருளுவதை நிறுத்தும் திருகு)ப் பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்புங்கள். ஜாமா போர்டின் வீடியோ பெரும்பாலும் 15 கிலோ ஹெர்ட்ஸ். கணினி எல்சிடி குறைந்தது 31 எதிர்பார்ப்பதால் நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும், அப்போதும் பழைய டியூபின் படம் வராது.